நான்கு மணி வெயிலும் ‘மாடர்ன்’ முகப்பும்

வீடு கட்ட வருபவர்களில் பலர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, “எலிவேஷன் இதுபோல மாடர்னாக வேண்டும்” என்கிறார்கள். படத்தில் சன்ஷேடு இருக்காது. தட்டையான வெள்ளைச் சுவரும், இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே கண்ணாடியும் இருக்கும். அந்த வீடு எந்த ஊரில், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று அவர்களும் சொல்வதில்லை, தொழிலுக்கு வந்த புதிதில் நானும் கேட்டதில்லை.

திருச்சியில் மேற்குப் பார்த்த மனை ஒன்றில், கூடத்துக்கு அப்படியொரு கண்ணாடிச் சுவரை வைத்தேன். கிரகப்பிரவேசம் தை மாதத்து விடியற்காலையில் நடந்ததால் வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். சித்திரையில் ஒருநாள் மாலை நான்கு மணிக்குப் போனபோது, அந்த வீட்டுப் பாட்டி சோபாவின் கைப்பிடியைக் காட்டி, “கொஞ்சம் தொட்டுப் பாருங்க தம்பி” என்றார். வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டேன். அடுத்த முறை சென்றபோது, நான் பெருமைப்பட்ட முகப்பின்மீது நாற்றுப்பண்ணைகளில் கட்டுகிற பச்சை நிழல்வலை தொங்கிக்கொண்டிருந்தது.

காரணம் எளிய கணக்குதான். மார்கழி உச்சிவேளையில் நம் ஊர்களில் சூரியன் தெற்கே ஏறக்குறைய 55 டிகிரி உயரத்தில் நிற்பதால், தெற்கு ஜன்னலுக்குப் போட்ட 2 அடி சன்ஷேடு கிட்டத்தட்ட 3 அடி வரை நிழல் இறக்கும். மேற்கில் அப்படியல்ல. பங்குனி மாலை நான்கு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 35 டிகிரி உயரத்துக்குத் தாழ்ந்துவிடுவதால், அதே 2 அடி சன்ஷேடின் நிழல் சுமார் 17 அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் அது குறுகிக்கொண்டே போகும். சன்ஷேடே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை அந்த சோபாவே சொல்லிவிட்டது.

இந்தத் தவற்றில் எனக்குப் பெரிய துணை ஒருவர் உண்டு. வீட்டை ‘வாழ்வதற்கான இயந்திரம்’ என்றழைத்த கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே, பாரிஸில் ஆதரவற்றோருக்காக வடிவமைத்து 1933-இல் திறக்கப்பட்ட விடுதியின் தெற்கு முகம் முழுவதையும் திறக்க முடியாத கண்ணாடியால் மூடினார். அதற்குத் துணையாக அவர் எண்ணியிருந்த குளிரூட்டும் ஏற்பாடு செலவு கருதிக் கைவிடப்பட்டதால், கோடையில் உள்ளே இருந்தவர்கள் புழுங்கித் தவித்தார்கள். பிற்பாடு அந்த முகப்பில் திறக்கும் ஜன்னல்களும் வெயில் தடுப்புகளும் சேர்க்கப்பட்டன. 1950-களில் சண்டிகரில் அவர் எழுப்பிய உயர் நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் ஆழமான கான்கிரீட் தடுப்புகளுக்குப் பின்னால்தான் நிற்கின்றன. நவீனத்துவத்தின் முன்னோடியே திருத்திக்கொண்ட பிழையைத்தான் நாம் இன்று ‘லேட்டஸ்ட்’ என்ற பெயரில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நவீனத்துவம் நம் வெயிலை எவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்பதற்குச் சான்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் 1930-களில் வடிவமைத்தார். அவரிடம் பணியாற்றிய ஜார்ஜ் நகாஷிமா இங்கேயே தங்கிக் கட்டுமானத்தைக் கவனித்தார். (ஐதராபாத் நிஜாமிடமிருந்து வந்த நன்கொடையின் நினைவாகவே இந்தப் பெயர்.) கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன, குறுகிய பக்கங்கள் மட்டுமே கிழக்கு, மேற்கு வெயிலை வாங்குகின்றன. நீண்ட முகப்புகளில் கண்ணாடியே இல்லை. அங்கே அடுக்கடுக்காகப் படுக்கைவாட்டில் பொருத்தியிருக்கும் தகடுகளை வேண்டிய அளவுக்குச் சாய்த்துக்கொள்ளலாம். மழையும் கூசும் ஒளியும் வெளியே நிற்க, காற்று மட்டும் உள்ளே வரும். வந்த காற்று சுவரில் முட்டி நிற்பதும் இல்லை, ஏனெனில் அறைக்கும் நடைபாதைக்கும் இடையில் இருப்பவை இடைவெளி விட்ட மரச்சட்டங்களாலான நகரும் கதவுகள். அறைக்குள் இருப்பவரின் தனிமை கெடாமலே காற்று அடுத்த பக்கம் போய்விடுகிறது. கூரையில் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை வைத்து, நடுவே காற்றோடும் இடம் விட்டிருக்கிறார்கள். அலங்காரம் என்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் காலை ஒளியில் அந்தத் தகடுகளின் நிழல்கோடுகளைப் பார்த்தவர்கள் அதை வறண்ட கட்டடம் என்று சொல்ல மாட்டார்கள்.

அந்தத் தகடுகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை. இன்று அதைத் தொடவே கூடாது. அலுமினியம், மரம், சுடுமண் என மாற்றுகள் இருக்கின்றன.

ஏற்கெனவே மேற்கில் கண்ணாடி வைத்துவிட்டவர்கள் முதலில் கனமான திரை வாங்குகிறார்கள். வெயில் கண்ணாடியைக் கடந்த பிறகு திரையில் பட்டால், அந்தச் சூடு பெரும்பாலும் அறைக்குள்ளேயே தங்கிவிடும். தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். மேற்கில் சாய்த்துக்கொள்ளக்கூடிய தகடுகளோ, நெருக்கமாக நிறுத்திய செங்குத்துப் பலகைகளோ சன்ஷேடைவிடப் பயன் தரும். திருச்சி வீட்டில் கடைசியில் அதைத்தான் செய்தோம், பாதிச் செலவு என்னுடையது. பச்சை வலையை அவிழ்த்த அன்று, பாட்டி நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டு, மாலை ஐந்து மணி வரை உட்கார்ந்து பார்த்த பிறகே சரி என்றார்.