பிரேக்ல காத்து எடுக்கிறது: உள்ளுக்குள்ள என்ன நடக்குது?

திருகோணமலையில பழைய மொரிஸ் மைனர், நிசான் சன்னி வச்சிருக்கிற ஆக்கள் கராஜுக்கு வந்தா முதல் சொல்ற கதை, "அண்ணே, பெடல் பஞ்சு மாதிரி போகுது, ரெண்டு தரம் அடிச்சாத்தான் பிடிக்குது". உடனே லைனுக்குள்ள காத்து எண்டு முடிவு கட்டிருவம். அது சரியாவும் இருக்கலாம், ஆனா காத்து பிரஷரை மறிக்குது எண்டு நினைக்கிறதுதான் பிழை.

காத்து ஒண்டையும் மறிக்கிறதில்ல. பிரேக் ஒயில் கிட்டத்தட்ட சுருங்காது, பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் எவ்வளவு தள்ளுதோ அவ்வளவும் சக்கரத்தில பிரேக்கை அமத்துற வீல் சிலிண்டருக்குப் போயிரும். காத்து சுருங்கும். 50 பார் பிரஷர்ல ஒரு குமிழி ஐம்பதில ஒரு பங்காகிரும், அந்தச் சுருக்கத்துக்கே மிதிச்ச மிதி எல்லாம் செலவாகி, பிரஷர் ஏறுறதுக்கு முதல் கால் தரையில நிக்கும்.

இன்னொண்டு, சாதாரண டொட் 3, டொட் 4 எண்ட தரத்து பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ், மூடி எல்லாத்தாலயும் ஈரம் மெல்ல மெல்ல உள்ள போகும், எங்கட கடற்காத்து ஈரத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்ல. புது டொட் 3 கொதிக்கிறதுக்குக் குறைஞ்சது 205 பாகை செல்சியஸ் வேணும், 3.7 வீதம் தண்ணி சேர்ந்தா 140 போதும். நிலாவெளி ரோட்டில இது தெரியாது, சமதரைதானே. கண்டிக்குப் போய்த் திரும்பேக்க மாத்தளைப் பக்கம் இறங்கிற பலகடுவ மலை வளைவுகள்ல பிரேக்கிலேயே காலை வச்சு இறங்கினா ஒயில் கொதிச்சு ஆவியாகி பெடல் சும்மா போகும், ஆறினா ஆவி திரும்பத் தண்ணியாகிரும், அடுத்த நாள் கராஜில பார்த்தா ஒரு குறையும் இருக்காது. அதுக்குக் காத்து மட்டும் எடுத்துப் பிரயோசனம் இல்ல, பழைய ஒயில் முழுக்க வெளிய போக வேணும்.

வேலைக்கு ரெண்டு பேர், ஒராள் பெடல்ல, மற்றாள் வீலடியில. உப்புக்காத்துல நிப்பிள் (வீல் சிலிண்டர்ல காத்து வெளிய விடுற சின்னக் குழாய்த் திருகு) துருப்பிடிச்சிருக்கும், முதல் நாள் இரவே துரு இளக்கிற ஒயில் விட்டு, ரிங் ஸ்பனராலயே திருப்புங்க, உடைஞ்சா தலையிடி. வழமையா மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான வீல்ல தொடங்குறது, எங்கட வலப்பக்க ஸ்டியரிங் காருக்கு அது பின்னுக்கு இடப்பக்கம். நிப்பிள்ல ரியூப்பை மாட்டி மற்ற நுனியை ஒயிலுக்குள்ள அமிழ்த்துங்க. "அமத்து தம்பி... பிடிச்சுக்கொள்..." நிப்பிளைத் திறக்க குமிழியோட ஒயில் வரும், பூட்டினதுக்குப் பிறகுதான் "விடு". முந்தி விட்டா காத்தைத் திரும்ப உறிஞ்சும். மாஸ்டர் சிலிண்டர் டாங்கியில ஒயில் குறையக் குறைய ஊத்த வேணும், மைனருக்கு அது ட்ரைவர் காலடியில, கார்ப்பெட்டுக்குக் கீழ, அதான் கனபேர் பார்க்கிறதே இல்ல.

பழைய காருக்கு பெடலுக்கு அடியில ஒரு பலகைத்துண்டு வைக்கிறது நல்லம். தரை வரைக்கும் அமத்தினா சிலிண்டருக்குள்ள வழமையா சீல் போகாத, துருப்பிடிச்ச பகுதிக்குப் போய் சீல் கிழியும், காத்து எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் மாத்துற கதையாகிரும்.

எல்லாம் முடிச்சு, பெடல் கல்லு மாதிரி நிண்டு ஆனா காலை வச்சிருக்க மெல்ல இறங்குதெண்டா அது காத்து இல்ல, எங்கயோ ஒழுகுது, இல்லாட்டி சீல் போயிற்று. ரெண்டாவது மிதிக்கு மேல வந்து உறுதியா நிண்டா முதல்ல ட்ரம் ஷூவை, அதாவது ட்ரம்முக்குள்ள உரசிப் பிடிக்கிற கட்டையை, அட்ஜஸ்ட் பண்ணிப் பாருங்க.