'பக்காத்தான்' முன்னணி அன்று

மலேசிய அரசியல் வரலாற்றை எழுதப் புகுந்த கட்டுரை ஒன்று 'மக்கள் முன்னணியின் எழுச்சியும் வீழ்ச்சியும்' என்னும் தலைப்போடு அண்மையில் கண்ணில் பட்டது. அது, 2008 முதல் 2015 வரை மலேசியாவில் இயங்கிய எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ராக்யாட்டைப் பற்றியது என்பது மூன்றாம் பத்தியில்தான் விளங்கியது. 'ராக்யாட்' என்பது மக்கள்; 'பக்காத்தான்' என்பதைத்தான் 'முன்னணி' ஆக்கியிருக்கிறார்கள். இந்தத் தமிழாக்கத்தை நான் எதிர்கொள்வது முதன்முறை அன்று. ஆகையால் இனியும் பொறுப்பதற்கில்லை.

'பக்காத்தான்' என்பதன் அடிச்சொல் 'பக்காட்'. உடன்படுதலைக் குறிக்கும் 'முவாஃபகா' என்னும் அரபுச் சொல் மலாயில் 'முவாஃபக்காட்', 'முஃபாக்காட்' என வழங்கிப் பேச்சில் 'பக்காட்' எனக் குறுகியது. அதனோடு 'ஆன்' என்னும் ஈறு சேர்ந்து 'பக்காத்தான்' ஆயிற்று. கலந்து பேசி ஒரு மனதாக எடுக்கும் முடிவு என்பதே மூலப் பொருள். நால்வர் சேர்ந்து சூழ்ச்சி செய்வதையும் மலாய் இதே சொல்லால் குறிக்கும்.

'பாரிசான்' என்பதோ 'பாரிஸ்', அதாவது வரிசை என்னும் சொல்லிலிருந்து வந்தது. வரிசையைத் தமிழ் 'அணி' என்னும். ஆகவே அன்று நாட்டை ஆண்ட கூட்டணியான பாரிசான் நேஷனலைத் 'தேசிய முன்னணி' என்றது பொருத்தமானதே. 1999இல் எதிர்க்கட்சிகள் அமைத்த 'பாரிசான் ஆல்டர்நேட்டிவ்' தமிழில் 'மாற்று முன்னணி' ஆனதிலும் பிழையில்லை. ஆனால் 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் மக்கள் நீதிக் கட்சி (பிகேஆர்), ஜனநாயக செயல் கட்சி (ஜசெக), மலேசிய இஸ்லாமியக் கட்சி (பாஸ்) ஆகிய மூன்று கட்சிகள் சேர்ந்தபோது, பாரிசான் என்னும் சொல்லை விட்டுப் பக்காத்தான் என்றே பெயரிட்டுக்கொண்டன. அவர்கள் விட்ட சொல்லை நாம் ஏன் அவர்கள் தலையில் மீண்டும் கட்ட வேண்டும்? எதிரெதிராக நின்ற இரண்டையும் 'முன்னணி' என்று எழுதினால், எது ஆண்டது, எது எதிர்த்தது என்பதே படிப்பவருக்குக் குழம்பிவிடும். போதாக்குறைக்கு, வாக்கு எண்ணிக்கையில் முந்தி நிற்பதையும் தமிழில் 'முன்னணி' என்றே சொல்கிறோம். 2013 பொதுத் தேர்தலில் பக்காத்தான் 50.87 விழுக்காடு வாக்குகளைப் பெற்றும் 222 இடங்களில் 89ஐ மட்டுமே வென்றது. இதை அந்தக் கட்டுரை 'மக்கள் முன்னணி வாக்கில் முன்னணியில் இருந்தும்' என்று தொடங்கித் தன் காலைத் தானே இடறிக்கொள்கிறது.

இதைவிடக் கொடியது கூட்டணியின் அரசைக் 'கூட்டரசு' என்று எழுதும் பிழை. மலேசியத் தமிழில் கூட்டரசு என்பது நடுவண் அரசைக் குறிக்கும். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். பேராக் மாநிலச் சட்டமன்றத்தின் 59 இடங்களில் 31ஐ வைத்திருந்த பக்காத்தான், 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் விலகியதால் ஆட்சியை இழந்தது. அந்நிகழ்வைக் 'கூட்டரசு கவிழ்ந்தது' என்று எழுதினால், மாநிலத் தலைநகர் ஈப்போவில் கவிழ்ந்ததை நடுவண் அரசின் இருப்பிடமான புத்ராஜெயாவில் கவிழ்ந்ததாக ஆக்கிவிடுகிறோம். கூட்டணி ஆட்சியைக் 'கூட்டாட்சி' எனச் சுருக்கும் பழக்கமும் இந்த வகைதான். கூட்டாட்சி என்பது மாநிலங்கள் சேர்ந்த அமைப்பைக் குறிக்கும், கட்சிகள் சேர்ந்த அமைச்சரவையைக் குறிக்காது.

'மக்கள் கூட்டணி' பெரும்பாலோர் கையாளும் வடிவம். பொதுப் பெயராக அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதிலும் ஓர் 'அணி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அணியை நீக்கி 'மக்கள் கூட்டு' என்றால் போதும் என்பது என் கருத்து. 'கூட்டு என்றால் பூசணிக்காய்தான் நினைவுக்கு வருகிறது' என்று நண்பர் ஒருவர் சிரித்தார். கூட்டறிக்கையிலும் கூட்டுறவிலும் கூட்டுக் குடும்பத்திலும் வராத சமையல் மணம் இங்கே மட்டும் எப்படி வரும் என்று கேட்டேன், விடையில்லை. மலாய்ச் சொல்லைப் போலவே தமிழ்க் கூட்டுக்கும் இரு முகம் உண்டு. தொழிலில் கூட்டு நல்லது. 'அவனும் இதில் கூட்டு' என்றால் நல்லதன்று. தனித்தமிழ் ஆர்வலர் ஒருவர் 'இசைவணி' என்று புனைந்து தந்தார். ஓசை இனிதுதான், ஆனால் அதைப் படிப்பவர் இசைக்குழு என்றே எண்ணுவார்.

பக்காத்தான் ராக்யாட்டின் முடிவுக்கும் 'கூட்டு' என்னும் இந்தச் சொல்லே பொருந்துகிறது. அது சங்கங்களின் பதிவகத்தில் பதிவு பெற்ற அமைப்பு அன்று. மூன்று கட்சிகளின் ஒப்புதலே அதன் உயிர். கிளந்தான் மாநிலத்தில் ஹுடுட் எனப்படும் இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தை நடைமுறைப்படுத்த பாஸ் முனைந்ததில் அந்த ஒப்புதல் கிழிந்தது. 2015 ஜூனில் பாஸ் பேராளர் மாநாடு ஜசெகவுடனான உறவை முறிக்கும் தீர்மானத்தை ஏற்றது. அதே மாதம் 16ஆம் நாள் ஜசெகவின் அன்றைய பொதுச்செயலாளர் லிம் குவான் எங், பக்காத்தான் இனி இல்லை என்று அறிவித்தார். முன்னணி கலையும், அரசு கவிழும், கூட்டு முறியும். இங்கே நிகழ்ந்தது முறிவு.

மலாய்ப் பெயரைத் தமிழாக்குகையில் ஆங்கிலச் செய்தியைப் புரட்டிப் பார்ப்பதே நம் மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கமாகிவிட்டது. காலையில் சந்தையில் மீன்காரரோடு மலாயில் பேரம் பேசிவிட்டு வருபவர், மேசைக்கு வந்ததும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் மலாயைப் புரிந்துகொள்வேன் என்று அடம் பிடிப்பது எனக்கு இன்றுவரை விளங்காத புதிர்.

2015 செப்டம்பரில் பிறந்த பக்காத்தான் ஹராப்பானுக்கு 'நம்பிக்கைக் கூட்டணி' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அதை அசைக்க நான் முனையவில்லை. அதற்கு முந்தையதை எழுதுவோர் 'மக்கள் கூட்டு' என்று எழுதட்டும்; மனம் ஒப்பாவிட்டால் 'பக்காத்தான் ராக்யாட்' என்று மலாயிலேயே விட்டுவிடட்டும்.