ஸ்பிரிங் இல்லாத வால்வு: பழைய டுகாட்டிக்குள் ஒரு பார்வை

'டெஸ்மோ' வகை இன்ஜின் வைத்த பழைய டுகாட்டி மோட்டார் சைக்கிள் ஒன்றின் சிலிண்டர் ஹெட் மூடியைக் கழற்றி முதல் தடவை உள்ளே பார்க்கும் மெக்கானிக் கொஞ்ச நேரம் எதையோ தேடுவார். வால்வு இருக்கும், கேம் இருக்கும், ராக்கர் இருக்கும். வால்வுத் தண்டைச் சுற்றி இருக்க வேண்டிய அந்தக் கனத்த சுருள் ஸ்பிரிங் மட்டும் இருக்காது. யாரோ கழற்றி வைத்துவிட்டு மாட்ட மறந்துவிட்டார்களோ என்று கூடத் தோன்றும். யாரும் மறக்கவில்லை. அந்த இன்ஜினே அப்படித்தான். அது ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால், அதில் வரும் கோளாறுகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் திறந்து மூடும் வாசல்தான் வால்வு. சாதாரண நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். கேமின் முட்டை வடிவ மேடு ராக்கரைத் தள்ளும், ராக்கர் வால்வை அமுக்கும். மேடு தாண்டியதும் ஸ்பிரிங் வால்வை இழுத்துக்கொண்டு போய் அதன் இருக்கையில் உட்கார வைக்கும். பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் கிராங்க் தண்டு நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு நொடிக்குள் 66 தடவை திறந்து மூடியாக வேண்டும். வேகம் இன்னும் ஏறும்போது ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. கேம் முன்னே போய்விடும், வால்வு அந்தரத்தில் நிற்கும். மேலே ஏறி வரும் பிஸ்டன் அதன் தலையில் இடித்தால் கதை முடிந்தது. சரி, இன்னும் விறைப்பான ஸ்பிரிங் போடலாமே என்றால், 1950களில் கிடைத்த எஃகில் செய்த ஸ்பிரிங்குகள் பந்தய வேகத்தில் அடிக்கடி உடைந்தன. விறைப்பைக் கூட்டக் கூட்ட கேமும் ராக்கரும் வேகமாகத் தேய்ந்தன.

1954ல் இத்தாலியின் பொலோன்யா நகரின் போர்கோ பானிகாலே பகுதியில் இருக்கும் டுகாட்டி தொழிற்சாலைக்கு ஃபாபியோ தாலியோனி என்ற பொறியாளர் வந்தார். ஸ்பிரிங்கை நம்பவே வேண்டாம், திறக்க ஒரு கேம் மேடு, மூட இன்னொரு கேம் மேடு என்று வைத்துவிடலாம் என்பது அவர் எடுத்த வழி. இதற்கு டெஸ்மோட்ரோமிக் என்று பெயர், சுருக்கமாக டெஸ்மோ. கிரேக்க மொழியில் 'டெஸ்மோஸ்' என்றால் கட்டு, 'ட்ரோமோஸ்' என்றால் ஓட்டம். கட்டுண்ட ஓட்டம் என்று சொல்லலாம். யோசனை அவருடையது மட்டுமல்ல. மெர்சிடிஸ் நிறுவனத்தின் டபிள்யூ196 பந்தயக் கார் 1954லேயே இதே முறையில் ஓடியது. ஆனால் மோட்டார் சைக்கிளில் இதை வைத்து ஜெயித்துக் காட்டியதும், ஒரு நிறுவனத்தின் அடையாளமாகவே ஆக்கியதும் தாலியோனிதான். 1956ல் ஸ்வீடனின் ஹெடமோராவில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தில் அவருடைய 125 சிசி டெஸ்மோ வந்த வேகத்திலேயே வென்றது. 1968ல் மார்க் 3 டி என்ற பெயரில் டெஸ்மோ சாலைக்கு வந்தது. 1972 ஏப்ரலில் இமோலாவில் நடந்த 200 மைல் பந்தயத்தில் பால் ஸ்மார்ட் முதலாவதாகவும் புரூனோ ஸ்பாஜியாரி இரண்டாவதாகவும் வந்தது 750 சிசி இரட்டை சிலிண்டர் டெஸ்மோவில். உலகம் டுகாட்டியைத் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது உள்ளே போவோம். கிராங்கின் பக்கத்தில் ஒரு சாய்பல் சக்கரம். அதிலிருந்து ஒரு தண்டு குழாய்க்குள் புகுந்து சிலிண்டர் ஓரமாக ஹெட்டுக்கு ஏறுகிறது. அங்கே இன்னொரு சாய்பல் ஜோடி கேமைச் சுழற்றுகிறது. செயின் கிடையாது, பெல்ட் கிடையாது. கேமில் ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு மேடுகள். ஒன்று மேல் ராக்கரை அசைத்து வால்வைக் கீழே தள்ளுகிறது. மற்றது கவட்டை போலப் பிளந்த கீழ் ராக்கரை அசைக்கிறது. அந்தக் கவட்டை வால்வுத் தண்டை இரு பக்கமும் அணைத்து, தண்டில் மாட்டியிருக்கும் ஒரு சிறிய கழுத்துப்பட்டையை மேலே தூக்கி வால்வை மூடுகிறது. அந்தப் பட்டையைத் தண்டோடு பிடித்து நிறுத்துவது, தண்டின் பள்ளத்தில் உட்காரும் இரண்டு அரைவளையங்கள். நகத்தின் மேல் வைத்தால் காற்றில் பறந்துவிடும் அளவுக்குச் சின்னவை. வண்டியின் உயிரே அவற்றில்தான் தொங்குகிறது. வால்வின் உச்சியில் தொப்பி போல ஒரு ஷிம், அதாவது கனம் பார்த்து மாட்டும் சின்னத் துண்டு. கீழே அந்தப் பட்டையே இன்னொரு ஷிம். இந்த இரண்டின் கனத்தை மாற்றித்தான் ராக்கருக்கும் ஷிம்முக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். திருகாணி எதுவும் கிடையாது.

ஸ்பிரிங் வைத்த வாசல் கதவை எண்ணிப் பாருங்கள். நிலை கொஞ்சம் தேய்ந்தாலும் ஸ்பிரிங் கதவை இழுத்து அடைத்துவிடும். தேய்ந்த தூரத்தையும் சேர்த்தே அது இழுக்கும். டெஸ்மோ அப்படியல்ல. அது கையால் அளந்து சாத்தும் கதவு. கை எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவுதான் சாத்தும். நிலை பின்வாங்கினால் இடுக்கு அப்படியே நிற்கும். அதனால்தான் டெஸ்மோவில் இடைவெளியை அளப்பது பராமரிப்பின் ஒரு பகுதி அல்ல, அதுவே பராமரிப்பு. மற்ற இன்ஜின்களில் ஸ்பிரிங் சத்தமில்லாமல் செய்யும் வேலையை இங்கே உரிமையாளரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய டுகாட்டி ஸ்டார்ட் ஆகவில்லை, மிஸ் அடிக்கிறது, சூடானதும் நின்றுவிடுகிறது என்றால், எடுத்த எடுப்பில் டெஸ்மோவைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி வேறு இடத்தில் இருப்பான்.

முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல். இந்த வண்டிகளில் பல காண்டாக்ட் பாயிண்ட் வைத்தவை. இன்ஜின் சுற்றச் சுற்றத் திறந்து மூடும் ஒரு சின்ன ஸ்விட்ச் அது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப் புலம் உருவாகும். பாயிண்ட் பிரிந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரியும். அந்தச் சரிவின் வேகம்தான் பிளக்கில் தீப்பொறியாகிறது. ஆனால் பிரிகிற அந்தக் கணத்தில் மின்சாரம் பாயிண்டின் இடுக்கைத் தாண்டிப் பாயப் பார்க்கும். அப்படிப் பாய்ந்தால் புலம் மெதுவாகத்தான் சரியும், பொறி வலுவிழக்கும். அதைத் தடுத்து, பாய வந்த மின்சாரத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்வது கண்டென்சர். அது கெட்டுவிட்டால் வண்டி குளிரில் ஒழுங்காக ஓடும், சூடானதும் அணையும், அரைமணி கழித்து ஒன்றும் நடக்காதது போல மறுபடி கிளம்பும். பாயிண்டைத் திறந்து, முகத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சின்னப் பள்ளமும் எதிர்ப்பக்கம் அதற்கேற்ற மேடும், சுற்றிலும் கருநீலக் கறையும் இருந்தால் கண்டென்சரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பாயிண்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே போல எரிந்து போகும். டுகாட்டி சகோதரர்கள் 1926ல் நிறுவனம் தொடங்கியதே ரேடியோவுக்குக் கண்டென்சர் செய்யத்தான். 'மானென்ஸ்' என்று அந்தக் கண்டென்சருக்குப் பெயர். மோட்டார் சைக்கிள் எல்லாம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த கதை.

அப்புறம் எர்த். ஐம்பது வருடப் பழைய வயரிங்கில் மின்சாரம் போகும் வழி நன்றாக இருக்கும், திரும்பி வரும் வழி துருப்பிடித்திருக்கும். ஃபிரேமுக்குப் பெயின்ட் அடித்து அழகாக்கிய வண்டிகளில் இது இன்னும் அதிகம். எர்த் வயரின் வளையத்துக்கு அடியில் பெயின்ட் இருந்தால் அங்கே சுவர் எழுப்பியது போலத்தான். பேட்டரியிலிருந்து இன்ஜின் உடலுக்கு நேராக ஒரு தடித்த வயரை இழுத்துவிட்டால் பாதி மர்மங்கள் தீர்ந்துவிடும்.

அடுத்தது பெட்ரோல். அந்தக் காலத்து இத்தாலிய வண்டிகளில் பெரும்பாலும் டெல்ஓர்ட்டோ கார்புரேட்டர்தான். அதில் பெட்ரோலை அளந்து விடும் துளையிட்ட பித்தளைத் துண்டுகளான ஜெட்டுகளில் பொறித்திருக்கும் எண், துளையின் அளவை மில்லிமீட்டரின் நூற்றில் பங்காகச் சொல்வது. 60 என்று இருந்தால் துளை 0.60 மி.மீ. ஐடில் ஜெட் இப்படி ஊசி முனை அளவுக்குத்தான் இருக்கும். வண்டி சில மாதம் சும்மா நின்றால் பெட்ரோல் ஆவியாகி மிச்சம் பிசினாகப் படிந்து துளையை அடைக்கும். ஐடிலில் நிற்காமல் அணைந்துபோய், ஆக்ஸிலேட்டர் திருகினால் மட்டும் ஓடுகிறது என்றால் இங்கே பாருங்கள். கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிட்டால் அந்த எண்ணுக்கே அர்த்தம் இல்லை.

இதில் கொடுமையான ஒன்று ஃபைபர் கிளாஸ் டேங்க். இமோலாவில் வென்ற வண்டியின் டேங்கில் பெட்ரோல் அளவு தெரிவதற்காக பெயின்ட் இல்லாத ஒரு பட்டை விட்டிருந்தார்கள். அதன் வழியில் வந்த 750 சூப்பர் ஸ்போர்ட்டிலும் அந்தப் பட்டை வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் அந்தக் காலத்து ரெசினை மெல்ல மெல்லக் கரைக்கிறது. டேங்க் உப்பிப்போகும், பெயின்ட் கொப்பளிக்கும். அது கண்ணுக்குத் தெரியும் சேதம். தெரியாத சேதம், கரைந்த ரெசின் கார்புரேட்டர் வழியே போய் வால்வுத் தண்டில் பசையாக ஒட்டுவது. தண்டு, அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்குள் இறுகிவிடும். ஸ்பிரிங் வைத்த இன்ஜினில் இறுகிய வால்வு திறந்தபடியே நின்றுவிடலாம். டெஸ்மோவில் கேம் விடாது, கட்டாயப்படுத்தி இழுக்கும். அந்த முழு பலமும் அந்த இரண்டு அரைவளையங்களின் மேல் போய் விழும். அசல் டேங்கைச் சுத்தம் செய்து சுவரில் மாட்டி வைத்துவிட்டு, அலுமினியத்தில் ஒன்று செய்து ஓட்டுங்கள் என்பதுதான் என் எண்ணம். அசல் அசல் என்று பிடிவாதம் பிடித்து இன்ஜினைக் கொல்லக் கூடாது.

இரட்டை சிலிண்டர் வண்டியில் எந்தப் பக்கம் வேலை செய்யவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்தும் பின் சிலிண்டர் நின்றும் இருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு, இரண்டு சைலன்சர் குழாய்களின் தொடக்கத்திலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் சுர்ரென்று பொரிந்து மறையும். மற்றதில் சொட்டு சும்மா வழிந்தால், வேலை செய்யாத சிலிண்டர் அது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

பொறியும் சரி, பெட்ரோலும் சரி, ஆனாலும் கிக்கர் காற்றில் மிதிப்பது போல இறங்குகிறது என்றால், இப்போது ஹெட்டைத் திறக்கலாம். பிஸ்டனை அமுக்க ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டு வாருங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும். மேல் ராக்கருக்கும் ஷிம்முக்கும் நடுவே ஃபீலர் கேஜை, அதாவது கனம் குறித்த மெல்லிய அளவுத் தகட்டை, நுழையுங்கள். 0.10 மி.மீ. தகடு லேசான உரசலோடு போகிறது என்று வையுங்கள். அதுதான் திறப்பு இடைவெளி. இப்போது வால்வைக் கீழ்நோக்கி அமுக்கிப் பிடியுங்கள். கீழ் ராக்கருக்கு ஒரு மெல்லிய துணை ஸ்பிரிங் உண்டு. அது வால்வை மூடும் வேலைக்கு அல்ல, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது வால்வு இருக்கையில் ஒட்டி உட்காரட்டும் என்பதற்கு. அது விட்டுக்கொடுக்கும். அமுக்கிய நிலையில் மறுபடி அளந்தால் 0.15 தகடு போகிறது. வித்தியாசம் 0.05. அதுதான் மூடல் இடைவெளி. தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும் எண்ணோடு இதை ஒப்பிட வேண்டும்.

இந்த இரண்டு எண்களும் சேர்ந்து ஒரு கதை சொல்லும். திறப்பு இடைவெளி குறைந்து, அதே அளவு மூடல் இடைவெளி கூடியிருந்தால், வால்வு தன் இருக்கையைத் தேய்த்துக்கொண்டு ஹெட்டுக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம். திறப்பு இடைவெளி மாறாமல் மூடல் மட்டும் கூடியிருந்தால், அரைவளையங்கள் நசுங்கியிருக்கலாம், அல்லது மூடும் ராக்கரின் முகம் தேய்ந்திருக்கலாம். வளையங்களை வெளியே எடுத்துப் பாருங்கள். புதியது உருண்டையான கம்பி போல இருக்கும். நசுங்கியதில் ஒரு பக்கம் தட்டையாகி மினுங்கும். மினுங்கினால் தூக்கிப் போடுங்கள், அதன் விலை ஒரு வால்வின் விலைக்குப் பக்கத்தில் கூட வராது. திறப்பு இடைவெளி பூஜ்ஜியமாகிவிட்டால்தான் உண்மையான ஆபத்து. வால்வு முழுதாக மூடாது, எரியும் வாயு அந்த இடுக்கில் பீறிட்டு வால்வின் விளிம்பைக் கருக்கிவிடும்.

புது ஷிம்மைத் தேர்ந்தெடுக்கும்போது அவசரம் கூடாது. கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, தேவைப்பட்டால் கண்ணாடிப் பலகையில் வைத்த நைஸ் எமரித் தாளில் தேய்த்து, மாட்டி, மறுபடி அளந்து, திருப்தி இல்லாவிட்டால் மறுபடி கழற்ற வேண்டும். இரண்டு சிலிண்டருக்கு ஒரு நாள் ஓடிவிடும். கோமோ ஏரிக்கரையின் மான்தெல்லோ ஊரில் செய்யும் இன்னொரு இத்தாலிய வண்டியான மோட்டோ குஸ்ஸியின் பழைய வி இரட்டை இன்ஜினில் இதே வேலை அரைமணியில் முடியும். சிலிண்டர்கள் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மூடியைக் கழற்றினால் சாதாரண ஸ்பிரிங், சாதாரணத் திருகாணி. அதன் தலைவலி வேறு. ஆரம்ப கால வி7 சிலிண்டர்களின் உள்சுவரில் பூசிய குரோம் வயதாகிப் பெயர்ந்து ஆயிலில் கலக்கும்.

ஆயில் என்றதும் ஒன்று. சாய்பல் சக்கரம் வைத்த ஆரம்ப கால டுகாட்டிகளில் காகித ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலையும், கிராங்குக்குள்ளேயே ஒரு சேற்றுக் குழியும்தான். கிராங்க் சுழலும் வேகத்தில் கனமான துகள்கள் அந்தக் குழியில் ஒதுங்கும். அது நிரம்பிவிட்டால் பெரிய பேரிங்குக்கு ஆயில் போவது நின்றுவிடும். கிராங்கை வெளியே எடுக்காமல் அதைச் சுத்தம் செய்ய முடியாது. அதனால் இன்ஜினை எந்தக் காரணத்துக்காக முழுதாகப் பிரித்தாலும் அந்தக் குழியின் அடைப்பாணியைத் திறந்து பார்க்காமல் பூட்டவே கூடாது. மற்ற நேரத்தில் ஆயிலைக் கையேடு சொல்லும் தூரத்துக்கு முன்பே மாற்றுங்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று. இப்போது கிக்கரை மிதிக்கும் முன், பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கை ஸ்பேனரால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்குள் ஒவ்வொரு வால்வும் ஒரு தடவை திறந்து மூடிவிடும். ஸ்பிரிங் இன்ஜினில் கேம் மேட்டில் ஏறும்போது ஸ்பேனர் கனக்கும், இறங்கும்போது கையைத் தள்ளும். டெஸ்மோவில் அந்தத் தள்ளல் இருக்காது, கை வழுக்கிக்கொண்டு போகும். எங்காவது ஓரிடத்தில் மட்டும் இறுகினால் அங்கேயே நிறுத்தி, அந்த வால்வின் மூடல் ஷிம்மை மறுபடி அளந்து பாருங்கள்.