இழுத்ததும் கேட்கிறது, அதுதான் சிக்கல்

"ரெண்டு பஃப் இழுத்தா வீசிங் நின்னுடுதே டாக்டர், அப்புறம் எதுக்கு இன்னொரு இன்ஹேலர்?"

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்த வாரமும் ஒருவர் வந்தார், ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி முடிக்க முடியாத இரைப்போடு. சட்டைப்பையில் இரைப்பை உடனே அடக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர், காலி. தினமும் எடுக்கச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலர் வீட்டில், சீல்கூடப் பிரிக்காமல்.

மூச்சுக்குழாயைச் சுற்றி மென்தசை இருக்கிறது. ஆஸ்துமாவில் அது இறுகிக்கொள்ளும். சால்பியூட்டமால் அந்தத் தசையிலுள்ள பீட்டா-2 ஏற்பிகளை, அதாவது மருந்து வந்து ஒட்டும் இடங்களை, தூண்டுகிறது. செல்லுக்குள் 'தளர்' என்று சேதி சொல்லும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற வேதிப்பொருள் கூடுகிறது, தசை தளர்ந்து குழாய் விரிகிறது. சில நிமிடங்களில் நிம்மதி, 4 முதல் 6 மணி நேரம் வரை. அவ்வளவுதான் அதன் வேலை.

தசை. தசை மட்டும். குழாயின் உட்சுவர் வீங்கிக் கிடக்கிறதே, கெட்டிச்சளி அடைத்திருக்கிறதே, அதையெல்லாம் இந்த மருந்து சரிசெய்வதில்லை. வீக்கத்தை வற்றவைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். அதற்கு நாட்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. அதனால்தான் மூலையில் போட்டுவிடுகிறீர்கள். உள்ளே வீக்கம் ஏற ஏற, 2 பஃப் 4 ஆகிறது, 4 பஃப் 8 ஆகிறது. உடனே "பாத்தீங்களா, இன்ஹேலர் பழகிடுச்சு" என்கிறீர்கள். இது போதைப் பழக்கம் இல்லை ஐயா, நோய் கைமீறுகிறது! வீக்கமும் சளியும் சேர்ந்து குழாயை அடைத்துவிட்டால், தசை எவ்வளவு தளர்ந்தும் காற்று போக வழியிருக்காது.

ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு, சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019-லேயே சொல்லிவிட்டது. 200 பஃப் உள்ள டப்பா வருஷத்துக்கு 3 தீர்ந்தாலே கடும் இரைப்பு வரும் அபாயம் கூடுகிறது. 12 தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. உங்கள் கணக்கு என்ன?

இன்ஹேலருக்குப் பயந்து சால்பியூட்டமால் மாத்திரை கேட்பவர்களுக்கு: ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், ஒரு மாத்திரை 4 மில்லிகிராம். நாற்பது மடங்கு! கை நடுக்கமும் படபடப்பும் பின்னே எங்கிருந்து வருகிறது?

இழுக்கும் முறையையும் பாருங்கள். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, 10 விநாடி அடக்க வேண்டும். வாயோரம் புகைபோல வந்தால் மருந்து வீண். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் குழாயை வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். நன்றாக இருக்கிறதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பேச்சு திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, இழுத்தும் அடங்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிளம்புங்கள். வரும் வழியிலும் ஸ்பேசர் வைத்து சால்பியூட்டமாலை இழுத்துக்கொண்டே வாருங்கள்.