அறுந்த கொயிலைக் கொழுவி எரிக்கலாமா?

"1000 வாற்று கொயில் என்று சொல்லித்தான் தந்தார்கள். மூன்று கிழமையில் அறுந்துவிட்டது. அறுந்த நுனிகளைக் கொழுவி முறுக்கிவிட்டோம். முன்னையைவிடச் செக்கச்செவேலென்று எரிந்து, இரண்டாம் நாளே திரும்பவும் அறுந்தது. ஏன்?" யாழ்ப்பாணத்தில் கறண்ட் அடுப்பு எரியும் குசினிகளிலிருந்து அடிக்கடி வருகிற கேள்வி இது.

கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று. அதை வர்க்கித்து 1000ஆல் வகுத்தால் கொயிலின் தடை 53 ஓம். கொயில் கம்பி நைக்குரோம், அதாவது நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கலப்புலோகம். அதன் தடை சிவக்கும்போது நூற்றுக்கு 5 அளவுதான் கூடும். ஆகவே குளிர்ந்த கொயிலில் மல்ரிமீற்றர் ஏறக்குறைய 50 ஓம் காட்டவேண்டும். சாதாரண தரப் பாடம் இதோடு முடிகிறது, சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அந்த 50 ஓமை 0.5 மில்லிமீற்றர் கம்பியில் எடுக்க 9 மீற்றர் வேண்டும். 0.4 மில்லிமீற்றர் கம்பியென்றால் 5.8 மீற்றர் போதும். உலோகம் பாதிக்கும் குறைவு, விலையும் மலிவு. இரண்டுமே 1000 வாற்றுத்தான். ஆனால் வெப்பம் வெளியேறுவது கம்பியின் மேற்பரப்பால். தடித்த கம்பியின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் 7 வாற்றை வெளியே தள்ளினால் போதும், மெல்லியது 14 வாற்றைத் தள்ளவேண்டும். அதற்கு அது அவ்வளவு கூடுதலாகச் சுடவேண்டும்.

சுட்டால் என்ன, நைக்குரோம் 1400 பாகை செல்சியஸ் வரை உருகாதே என்று கேட்கலாம். கம்பியைக் காப்பது உருகுநிலை அல்ல, அதன் தோல். 1906இல் அமெரிக்காவில் அல்பேட் மார்ஷ் காப்புரிமை பெற்ற இந்தக் கலப்புலோகத்தின் அழகே அந்தத் தோல்தான். முதற்சூட்டில் குரோமியம் ஒட்சிசனோடு சேர்ந்து மேலே மெல்லிய ஒட்சைட்டுப் படலமாகிறது. இரும்புத் துருப்போல உதிராமல் இறுகப் பிடித்து, உள்ளே ஒட்சிசன் போகாமல் மறிக்கிறது. எங்காவது வெடித்தால் உள்ளிருந்து குரோமியம் மேலே வந்து அந்தக் காயத்தை ஆற்றிவிடும். இன்னுமொன்று: அந்தப் படலம் மின்காப்பும்கூட. 5 மில்லிமீற்றர் கோலில் சுற்றினால் 9 மீற்றர் கம்பி ஏறத்தாழ 520 சுற்று வரும். அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையே அரை வோல்ற்றும் இல்லை. அவை தொட்டாலும் அந்தப் படலமே தாங்கும்.

சூடு மிஞ்சினால் குரோமியம் தீரும் வேகம் கூடுகிறது. தீர்ந்த இடம் அரிபட்டு மெலிகிறது. மெலிந்த இடத்தில் தடை கூடும், மின்னோட்டம் எங்கும் ஒன்றே, ஆகவே அந்தப் புள்ளி இன்னும் சுடும், இன்னும் மெலியும். கடைசியில் அந்த ஓரிடம் மட்டும் உருகி அறும்.

இனிக் கொழுவிய கொயிலுக்கு வருவோம். நீளத்தில் பத்திலொன்று போனால் தடை குறைந்து வாற்று கூடுகிறது, அதை வெளியேற்றும் பரப்போ குறைகிறது. இரண்டும் சேர்ந்து சதுர சென்ரிமீற்றர்ச் சுமை கிட்டத்தட்டக் காற்பங்கு ஏறிவிடும். போதாததற்கு, நுனிகளில் இருக்கிற ஒட்சைட்டு மின்னை மறிப்பதால் கொழுவிய முடிச்சே முதலில் கொதிக்கும். அதனால் கொழுவவேண்டாம், புதுக் கொயில் போடுங்கள். கடைகளில் வாற்றை மட்டும் எழுதி விற்பது சரியல்ல. கம்பியின் தடிப்பையும் எழுதவேண்டும், நாங்களும் கேட்டு வாங்கவேண்டும்.

பூட்டும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் நம்பவேண்டாம். அந்த 520 சுற்றும் நெருங்கிக் கிடக்கும் 26 சென்ரிமீற்றர்ச் சுருளை, அடுப்பில் கொயில் கிடக்கும் தவாளிப்பின் நீளத்துக்கு, வழக்கமாக மூன்று மடங்குக்கு, ஒரே சீராக இழுங்கள். நெருங்கிக் கிடக்கும் சுற்றுகள் ஒன்றையொன்று சுட்டு அங்கேயே அறும். இரு நுனியையும் இரட்டையாக மடித்து முறுக்கினால் அவற்றைப் பூட்டும் ஆணியடி குளிர்ந்திருக்கும். ஈயம் பற்றவைத்தால் உருகி விழும். முதல் 10 நிமிடம் பானை வைக்காமல் எரியவிடுங்கள், தோல் சீராகப் படியட்டும்.

சோற்றுக்கஞ்சி பொங்கி வழிந்தால் உடனே நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஆறியபின் உப்புப் படிவைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைத் தின்னும்.