எக்ட்வெட் பெண்ணின் எலும்பு எங்கே போனது?

"3,400 வருஷத்துக்கு முந்தைய டென்மார்க் பெண்ணுக்கு முடி இருக்கிறது, நகம் இருக்கிறது, போட்டிருந்த உடுப்பும் இருக்கிறது, எலும்பு மட்டும் இல்லை என்கிறார்களே, நம்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நம்பலாம். அங்கே மண் அப்படி.

ஜட்லாந்துப் பகுதியில் எக்ட்வெட் என்ற ஊர். அங்கிருந்த ஒரு மண்மேட்டை 1921இல் தோண்டியபோது, ஓக் மரத்தைப் பிளந்து குடைந்த சவப்பெட்டி கிடைத்தது. அதற்குள் மாட்டுத்தோல் விரிப்பு. போர்த்தியிருந்தது கம்பளி. குட்டையான கம்பளி மேலாடை, கயிறுகளைத் தொங்கவிட்ட பாவாடை, வயிற்றின் மேல் வெண்கல வட்டு. அவளுக்கு வயது 16 முதல் 18. மரத்தின் ஆண்டு வளையங்கள் காட்டும் காலம் கி.மு. 1370. பெட்டியில் ஒரு பூவும் இருந்ததால் அடக்கம் நடந்தது கோடையில். (பூவின் பெயர் 'யாரோ'. பெயரே அதுதான்!)

இந்த மேடுகளைப் புல்லோடு பெயர்த்த மண்கரணைகளை அடுக்கிக் கட்டினார்கள். சங்கதியே அந்தப் புல்லில்தான் இருக்கிறது. ஈரமான நடுப்பகுதியில் புல் அழுகும்போது நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. அதன் பிறகு மண்ணில் உள்ள இரும்பைப் பிடிக்கின்றன. கரையாத இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி நீரோடு நகர்கிறது. வெளியோரத்தில் காற்றுப் பட்டதும் மறுபடி துருவாகப் படிகிறது. ஆழ்குழாய்த் தண்ணீர் தெளிவாக வந்து, குடத்தில் நின்றதும் செம்பழுப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். இப்படி மேலும் கீழும் படிந்த துரு மண்ணை இறுக்கி ஓடாக்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் நீர் வெளியேறாது, வெளியே இருக்கும் காற்று நுழையாது. பழங்காலத் திருடன் எவனாவது இந்தத் துரு ஓட்டை உடைத்துவிட்டால் தீர்ந்தது: நீர் வடியும், காற்று புகும், பெட்டியோடு எல்லாம் மட்கிவிடும்.

ஓட்டுக்குள் நிற்பது அமில நீர். எலும்பின் கெட்டித்தன்மைக்குக் காரணம் கால்சியம் பாஸ்பேட். அது அமிலத்தில் கரைந்துபோகும். பல்லின் மேற்பூச்சான எனாமல் அடர்த்தியானது, அதனால் தப்பியது. முடி, நகம், கம்பளி மூன்றும் கெராட்டின் என்ற புரதம். கந்தகப் பிணைப்புகள் அதை இறுக்கிக் கட்டியிருக்கின்றன. அதற்கு அமிலம் பொருட்டில்லை, காரம்தான் எதிரி. கம்பளிச் சால்வையைச் சலவை சோடாவில் ஊறவைக்கக் கூடாது என்பது இதனால்தான். போதாததற்கு ஓக் மரத்தின் டானின் என்ற துவர்ப்புப் பொருள் வேறு, நுண்ணுயிர்களை அண்டவிடாது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அவள் காலருகே இருந்த சிறு துணிப்பொதி. அதில் 5, 6 வயதுக் குழந்தையின் எரித்த எலும்புகள். அவளுடைய எலும்பு கரைந்த அதே பெட்டியில் இவை கரையவில்லை! கடுஞ்சூட்டில் எலும்பின் படிகங்கள் பெரிதாகி நெருங்கிவிடும். அமிலம் அரிக்கும் பரப்பு குறைந்துவிடும்.

இந்தக் கல்லறைகளைப் பார்த்து, அவள் வாழ்ந்த வெண்கலக்காலத்தில் எல்லோரும் கம்பளிதான் உடுத்தினார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. செடிகளிலிருந்து வரும் ஆளிநாரும் காஞ்சொறிநாரும் செல்லுலோஸ். அமிலம் அதை இழையிழையாக உடைத்துவிடும், அடையாளமே மிஞ்சாது. டென்மார்க்கின் ஃப்யூன் தீவில் உள்ள லூசெஹோய் மேட்டில் எரித்த எலும்புகளைச் சுற்றிய ஒரு துணி கிடைத்தது. காஞ்சொறி நாரால் நெய்தது. அது பிழைத்ததற்குக் காரணம், அதை வெண்கலப் பாத்திரத்துக்குள் வைத்திருந்தார்கள். செம்பு உப்பு ஊறிய நாரில் நுண்ணுயிர்கள் வாய்வைக்கவில்லை.