ஃபைபர் போடுமுன் 470 படிவத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஒரு பள்ளி மாவட்டம் தன் பள்ளிகளை ஃபைபரால் இணைக்க நினைத்தால், பெரும்பாலும் முதலில் வரைபடத்தை விரித்துவைத்து எந்தத் தெரு வழியாகக் கேபிள் போகும் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன் 470 படிவத்தை எடுங்கள், அதாவது என்ன சேவை வேண்டும் என்று அறிவித்து நிறுவனங்களிடம் விலை கேட்கும் படிவத்தை. அதில் கேட்காத ஒன்றுக்கு ஈ-ரேட் பணம், அதாவது பள்ளி, நூலக இணையச் செலவுக்குக் கிடைக்கும் உதவி, வராது.

ஈ-ரேட் 1996 தொலைத்தொடர்புச் சட்டத்திலிருந்து வந்த திட்டம். விதி வகுப்பது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, அதன் சார்பில் நடத்துவது யுசாக் என்ற நிறுவனம். செலவில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. இலவச, சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள மாணவர்கள் எவ்வளவு, இடம் கிராமமா நகரமா என்பதை வைத்து விகிதம் அமையும்.

சரி, வழிகள் மூன்று. நிறுவனமே கருவியும் வைத்து ஓட்டித் தரும் சேவையை மாதக் கட்டணத்தில் வாங்கலாம். டார்க் ஃபைபர், அதாவது வெறும் இழையை மட்டும் குத்தகைக்கு எடுத்து இரு முனையிலும் உங்கள் கருவியைப் பொருத்தலாம். இல்லை, சொந்தமாகவே கட்டலாம். கடைசி வழிக்கு எஃப்சிசியின் 2014 டிசம்பர் ஆணைதான் கதவு திறந்தது, 2016 நிதியாண்டிலிருந்து நடைமுறை. ஆனால் சொந்தமாகக் கட்ட ஆசை என்பதற்காக அதற்கு மட்டும் விலை கேட்டால் விண்ணப்பம் அங்கேயே விழும். சேவையாக வாங்கினால் என்ன ஆகும் என்றும் அதே படிவத்தில் கேட்டாக வேண்டும், பல வருடப் பராமரிப்பு, கருவிச் செலவு எல்லாம் சேர்த்து ஒப்பிட்டுக் கட்டுவதே சிக்கனம் என்று காட்ட வேண்டும். மாவட்டங்கள் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

படிவம் போட்டபின் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். மதிப்பிடும்போது மற்ற எந்த அம்சத்தையும்விட விலைக்கே அதிக மதிப்பெண். ஏலத்தில் கலந்துகொள்ளும் நிறுவனத்தையே படிவம் எழுதித் தரச் சொல்லாதீர்கள், அது விதிமீறல். அப்புறம் நிறுவனத்தைத் தேர்ந்தபின் பணம் கேட்டுப் போடும் 471 படிவம், காகிதங்களைப் பத்து வருடம் பத்திரப்படுத்துவது எல்லாம் வழக்கமான வேலை.

நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. கட்டுமானப் பணம் வேண்டுமென்றால் அதற்குள் ஃபைபர் ஒளியேறி ஓட வேண்டும், மழை, பனி போன்ற தவிர்க்க முடியாத தாமதம் என்றால் ஒரு வருட நீட்டிப்பு கேட்கலாம். மின்கம்பத்தில் கேபிள் தொங்கவிடும் அனுமதிக்கே மாதக்கணக்கில் ஆகலாம், அந்த அனுமதி கேட்கும் கடிதத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.